பச்சை பெயிண்ட் அடித்த பெரணி

"கல்லைப் பாக்குறதுக்கு யாராவது காலேஜுக்குப் போவாங்களா? நம்ம ஆடு தினமும் பாக்குது" என்று என் தாய்மாமா ஒருமுறை கேட்டார்.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் அது நியாயமான கேள்விதான். ஆடு பார்ப்பது உண்மை. ஆனால் ஆட்டுக்கு யாரும் முதுகலைப் பட்டம் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இந்தப் பெருமையை அடக்கமாக வைத்துக்கொள்ள முயன்று பார்த்தேன், முடியவில்லை.

ஆகவே இலங்கையிலிருந்து சித்தப்பா போனில் கூப்பிட்டு, "மகள், இங்க கல்லுக்குள்ள ஒரு இலை கெடைச்சிருக்கு. ஸ்கூல்ல வச்சுத் தெறப்பு விழா செய்யப் போறாங்க. நீங்கதான் வந்து இது என்னான்னு சொல்லணும்" என்றபோது, அந்தப் பேச்சை மாமா வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசி முடித்தேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் சித்தப்பா மகன். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றிய காலத்தில் என் தாத்தா இந்தியாவுக்கு வந்தார். அவர் தம்பி மாத்தளையிலேயே நின்றுவிட்டார். அந்தத் தம்பியின் மகன் இவர். நான் போனது வெளிநாட்டுப் பயணம் என்றுதான் பாஸ்போர்ட் சொல்கிறது. தாத்தா பிறந்த இடத்துக்குப் போக விசா வாங்கினேன்.

முதல் நாள், மாத்தளை பஸ் ஸ்டாண்டில் யட்டவத்த பஸ் ஏறினேன். முன்பக்கம் ஒரு சீட் காலியாக இருந்தது. நாகரிகமடைந்த நாடு, பெண்ணுக்கு முன்சீட் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தேன். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிரித்தேன். மறுபடி சொன்னார். மறுபடி சிரித்தேன். பின்னால் ஏலக்காய் மணக்கும் பையோடு நின்ற ஒரு அம்மா தோளைத் தொட்டார்.

"அது ஹாமுதுருமாருக்கு உள்ள சீட்டுங்க. இந்தா, பிக்கு ஏறுறாரு பாருங்க. எந்திரிங்க."

"தெரியலைங்கம்மா."

"மேல எழுதியிருக்குதானே."

ஜன்னலுக்கு மேலே வட்ட வட்டமாக எழுத்துகள் இருந்தன. நான் விழித்தேன்.

"ஐயோ, படிக்கத் தெரியாதுங்களா?" என்றார், உண்மையான இரக்கத்தோடு.

பட்டச் சான்றிதழின் நகல் பையில் இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டாமல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு எல்லாப் பலகையும் இப்படித்தான் இருந்திருக்கும். அதைப் புரிந்துகொள்ள நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

யட்டவத்தயில் என்னை ஏற்றிப் போக, தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் சொந்த ஆட்டோவோடு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. முதல் ஏற்றத்திலேயே ஆட்டோ நின்றது. சிறப்பு விருந்தினராக வந்தவள் பின்னால் போய்த் தள்ளினேன். தலைவர் ஹேண்டிலைப் பிடித்து நடந்தபடியே விவாதத்தைத் தொடங்கினார்.

"நீங்க படிச்சவங்க. ஒரு கேள்வி. கொரங்குலருந்து மனுசன் வந்தான்னா, இந்தா லயத்துக் கூரையில இருக்குதே இவ்வளவு, இது ஏன் இன்னும் வரல?"

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளைத் தாண்டி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு பரிணாமம் விளக்கும் அளவுக்கு எனக்கு மூச்சு இல்லை. அவர் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கல்லுல இருக்கிறது சஞ்சீவி. அனுமார் மலையத் தூக்கிட்டுப் போறப்ப இந்தப் பக்கம்தான் சிந்திச்சு. ஸ்கூல் அதிபர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொல்லிடுங்க."

வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்ட சம்பல் என்ற காரத் துவையலும் வைத்தார்கள். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தது. சித்தி அடுப்படியிலிருந்து ஒரு முழு மாசியைக் கொண்டுவந்து காட்டினார். கருவேல விறகு மாதிரி இருந்தது. தட்டினால் டக் டக் என்று சத்தம். ஒரு மீன் எந்தப் பாறையின் உதவியும் இல்லாமல் வெறும் வெயிலிலும் புகையிலும் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. மாத்தளையில் நான் பார்த்த, புதைபடிவத்துக்கு மிக நெருக்கமான பொருள் அதுதான் என்பது மறுநாள் தெரிந்தது.

சித்தப்பா மகள் பிரமிளா அழைப்பிதழை நீட்டினாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அந்தத் தோட்டத்துப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே ஆசிரியையாக இருக்கிறாள். நாங்கள் புதைபடிவம் என்பதை இவர்கள் உயிர்ச்சுவடு என்கிறார்கள். பரிணாமத்துக்குக் கூர்ப்பு. அட்டையில் தங்க எழுத்தில், "பத்துக் கோடி ஆண்டு பழைமையான உயிர்ச்சுவடு திறப்பு விழா. பிரதம அதிதி: கலாநிதி கயல்விழி, இந்தியா" என்று இருந்தது. பிரதம அதிதி என்றால் சிறப்பு விருந்தினர், கலாநிதி என்றால் முனைவர். நான் முனைவர் இல்லை. இதைச் சொல்லியிருக்கலாம். மாறாக, அட்டையைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காலை, அதிபர், எங்கள் ஊர்ப் பேச்சில் தலைமையாசிரியர், தன் அறை அலமாரியைத் திறந்து, பட்டு வேட்டியில் சுற்றிய கல்லை எடுத்து மேசையில் வைத்தார். மாத்தளைக்கு வடக்கே உள்ள நாலந்தாவுக்குப் போகும் வழியில் ஒரு சுண்ணாம்புப் போறணையில், அதாவது சூளையில், சித்தப்பா கல் உடைக்கிறார். அவர் சம்மட்டிக்குப் பிளந்த வெள்ளைக் கல். பிளவில், ஈரச் சுவரில் முளைக்கும் பெரணி இலை போல ஒரு கிளை விரிந்திருந்தது. இருபுறமும் சமமான சிற்றிலைகள். நல்ல பச்சை நிறம்.

"பச்சையா இருக்கே?" என்றேன்.

"கறுப்பாத்தான் இருந்துச்சு மிஸ். பின் வரிசைக்கு வெளங்காதுதானே. கோயில் கோபுரத்துக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு" என்றார் அதிபர்.

"இந்த ஓரத்துல?"

"அந்தப் பக்கம் இலை கொஞ்சம் கொறைவு. பெயிண்டர் சரிபண்ணிக் குடுத்தாரு. கெட்டிக்காரன்."

இயற்கைக்கு இலை செய்யக் கோடி ஆண்டுகள் ஆயின. பெயிண்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டார்.

கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் படாத இடங்களில் விஷயம் தெளிவாக இருந்தது. நடுநரம்பு இல்லை, காம்பு இல்லை. எல்லாக் கிளைகளும் கல்லின் வெடிப்பு ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே படர்ந்திருந்தன. கல்லின் விரிசலில் மாங்கனீசு கரைந்த நீர் கசிந்து காய்ந்தால் இப்படிக் கிளை விடும். அதற்கு உயிரும் இல்லை, வேரும் இல்லை. உலகம் முழுக்க மனிதர்கள் இதைப் பார்த்து இலை என்று ஏமாந்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்தவர்களைப் பற்றி மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

அதோடு, இந்தப் பாறையில் இலை இருக்கவே முடியாது. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் பழைய கடலின் அடித்தரை. டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. செத்த சிப்பிமேல் சேறு விழுந்து, சேற்றின்மேல் சேறு விழுந்து, பாறையானது. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இந்தப் பதிவேட்டில் பல பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, ஏனென்றால் செத்ததெல்லாம் கல்லாவதில்லை. ஆனால் இருக்கிற பக்கங்கள் வரிசை மாறி வந்ததில்லை. மீன்களே தோன்றாத காலத்துப் பாறையில் இதுவரை யாரும் ஒரு முயலைத் தோண்டி எடுக்கவில்லை. மாத்தளைச் சுண்ணாம்புக்கல் வேறு. அது பூமிக்குள் ஆழமாகப் போய், வெந்து, நசுங்கி, பளிங்கானது. வெந்து முடிந்தே ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். அப்போது தரையில் புல்பூண்டுகூட இல்லை. அதற்குள் பெரணி இருப்பது, பேத்தியின் கல்யாணத்தில் பிறந்த பாட்டி போன்ற விஷயம்.

இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில் நீர்யானைப் பல் கிடைத்திருக்கிறது. புத்தளம் பக்கம் உண்மையான இலைச்சுவடுகள் உண்டு. மாத்தளைக்கு மட்டும் இது கிடையாது. பாவம், என்று உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ந்தேன். எங்கள் ஊரில் ஆடு மிதிப்பதே கடல்நத்தைக் கல்.

பள்ளிக்கு வெளியே பிரமிளாவிடம் மெதுவாக, நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுவது போலச் சொன்னேன்: "அது இலை இல்லை."

"தெரியும்க்கா" என்றாள். "நடுநரம்பு இல்லைதானே. அப்பா கொண்டாந்த அன்னைக்கே பாத்தேன்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. 'நீ லயத்துப் பிள்ளை, உனக்கு என்னா தெரியும்'னாரு அதிபர். அவரும் லயத்துப் பிள்ளைதான். அதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். நீங்க சொன்னா இந்தியாவே சொன்ன மாதிரி."

என் புலமைக்கு வந்த அழைப்பு என்று நினைத்திருந்தேன். வந்தது என் விமான டிக்கெட்டுக்கு.

பிறகு அவள் ஒரு அறையைக் காட்டினாள். ஜன்னல் உள்ள நல்ல அறை. சத்துணவு அரிசி மூட்டைகளும் பேண்ட் வாத்தியங்களும் இருந்த இடம். அதை விஞ்ஞான அறையாக்கக் கேட்டு இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். இதுவரை விஞ்ஞானப் பாடம் வராந்தாவில்தான். மழை பெய்தால் விஞ்ஞானம் கிடையாது. உயர்தரத்தில், அதாவது பிளஸ் டூவில், விஞ்ஞானம் எடுக்க நினைக்கும் பெண்பிள்ளைகள் டவுனுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போகிறவர்களும் ஒரு சோதனைக் குழாயைக் கையால் தொடாமல் போகிறார்கள். கல் கிடைத்ததும்தான் அதிபர் அரிசியை வெளியேற்றினார். கல்வி அலுவலகத்து டிரெக்டர் சனிக்கிழமை வந்து பார்த்து ஒப்பம் வைத்தால் அறை நிலைக்கும்.

"கல் பொய்யின்னா?"

"அரிசி திரும்ப வந்துரும்."

"அப்ப நான் என்ன சொல்லணும்ங்கிறே?"

"உண்மையத்தான் சொல்லணும். பொய்ய வச்சு விஞ்ஞான அறை தொறக்க ஏலாதுதானே" என்றாள், நான் கொஞ்சம் மந்தம் என்பது போல. "நாளைக்கு ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போவோம். உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

மூன்றாம் நாள், மாத்தளை வந்து ரத்தோட்ட பஸ். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் இன்னொரு பஸ். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்தில் இருந்தவர் சிங்களத்தில் தன் மனைவியிடம் சொன்னதைப் பிரமிளா மொழிபெயர்த்தாள்: "இந்தப் பிள்ளை வாந்தியெடுக்கும், பையை எடுத்துவை." அவர் கணிப்பு சரியாக இருந்தது. பத்துக் கோடி ஆண்டெல்லாம் சொல்பவர்கள் இவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

பாதையோரம், கைவிட்ட ஏலக்காய்த் தோட்டம். மேலே காடு, கீழே ஏலச்செடிகள், எல்லாவற்றின்மேலும் பனிமூட்டம், என் காலில் இரண்டு அட்டைகள். சித்தி ஒரு காலத்தில் இங்கே ஏலக்காய் பறித்தவர். பிரமிளா நான்கு வருடமாக ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறாள். பாதையை விட்டு இறங்கமாட்டாள், எதையும் தொடமாட்டாள். ஒரு மணி நேரம் நின்றோம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"உங்க மூக்குக்கு நேரே இருக்கு" என்றாள்.

ஒரு தண்டில் ஒரு ஓணான் ஒட்டியிருந்தது. அசையவில்லை. அதன் மூக்கு நுனியில், பக்கவாட்டில் தட்டையாக, ஒரு சிறிய இலை. சதையால் ஆன இலை. யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை.

"இது இந்த மலைத்தொடர்ல மட்டும்தான் இருக்கு. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்க்காட்டுல இதோட சொந்தக்காரனுக்கு மூக்குல கூரான கொம்பு. கீழ, மழைக்காட்டுல இன்னொருத்தன், அவனுக்கு வேற மாதிரி. எல்லாத்துக்கும் ஒரே மூதாதை. மலைக்கு மலை பிரிஞ்சுபோயி, வாழுற எடத்துக்கு ஏத்தமாதிரி மாறிட்டாங்க. மலைக்கு நடுவுல இருக்கிற சூட்டுப் பள்ளத்தாக்கத் தாண்ட ஏலாதுதானே."

அவள் பையிலிருந்து நான்கு கொப்பிகள், எங்கள் ஊர் நோட்டுகள், வந்தன. எந்தச் செடி, தரையிலிருந்து எத்தனை சாண், மழையா வெயிலா, தனியாகவா ஜோடியாகவா. பக்கம் பக்கமாக, பென்சில் படங்களோடு. ஒரு கோடுகூட அழகுக்காகப் போட்டதில்லை. ஓணான் வால் அறுந்திருந்தால் அறுந்தே வரைந்திருந்தாள்.

கல்லில் இல்லாவிட்டால் சாட்சியே இல்லை என்று நினைத்து மாத்தளைக்காகப் பரிதாபப்பட்டவள் நான். சாட்சி எதிரே உட்கார்ந்து என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் என் மாமா சாயல் இருந்தது.

சனிக்கிழமை விழா. பேண்ட் வாசித்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், எனக்கு மாலை, டிரெக்டருக்கு மாலை, கல்லுக்குப் பெரிய மாலை. மேசையில் பச்சை இலை பளபளத்தது. பின் வரிசைக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

மைக்கைப் பிடித்தேன். "முதலில் ஒரு திருத்தம். நான் கலாநிதி இல்லை. இன்னொரு திருத்தம். இது இலை இல்லை."

விளக்கினேன்: கசிந்த நீர், விரிசல், வெந்த பாறை. அதிபர் முகம் வெந்த பாறை போலவே ஆனது. முன்வரிசையில் தலைவர் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்ப சஞ்சீவிதான்!"

பலத்த கைத்தட்டல்.

"ஐயா, இது எந்தச் செடியும் இல்லை."

"சஞ்சீவி சாதாரணச் செடி இல்லீங்களே!"

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் சொல்லித் தரவில்லை. கல் அங்கேயே கோயிலுக்குச் சொந்தமானது. தலைவர் அதை அந்தப் பட்டு வேட்டியில் சுற்ற ஆரம்பித்தார்.

டிரெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இந்த ரூம்ல என்னா இருக்கு அதிபர்? எதைத் தொறக்க என்னைக் கூப்பிட்டீங்க?"

பிரமிளா எழுந்து, கொப்பிகளை டிரெக்டர் முன் விரித்து, மூன்று மலை, மூன்று மூக்கு என்று சொல்லிக்கொண்டு போனாள். தலைவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார்.

"மிஸ், அப்ப மனுசனும் கொரங்குலருந்துதானா? அப்ப ஏன் இன்னும் கொரங்கு இருக்கு?"

"தலைவரே, இந்தா நிக்கிறாங்களே கயல் அக்கா, இவங்க என்கிட்டருந்தா வந்தாங்க?"

"இல்ல. ஒங்க பெரிய தாத்தா பேத்தி."

"எங்க ரெண்டு தாத்தாவுக்கும் அப்பா ஒருத்தர்தானே. ஒருத்தர் கப்பலேறினாரு, ஒருத்தர் இங்க நின்னாரு. இப்ப அவங்க 'சார்'ங்கிறாங்க, நாங்க 'சேர்'ங்கிறோம். அவங்களுக்கு மாசின்னா என்னான்னு தெரியல, எங்களுக்கு அது இல்லாம சோறு எறங்கல. கயல் அக்கா இந்தியாவுல இருக்காங்க, அப்ப ஏன் இன்னும் மாத்தளையில ஆளு இருக்குன்னு யாராவது கேப்பாங்களா? கொரங்கும் நம்மளும் அப்படித்தான். கொரங்கு நம்ம தாத்தா இல்ல. தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் முன்னாடி பிரிஞ்ச பங்காளி."

"பங்காளியா! அதான் கூரையில பங்கு கேக்குது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். தலைவர்கூடச் சிரித்துவிட்டார். கடலும் கப்பலும் குடும்பத்தைப் பிரித்ததை இத்தனை நாள் சோகமாக மட்டுமே கேட்டிருந்தேன். அதை உதாரணமாக்கி இருநூறு பேரைச் சிரிக்க வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

டிரெக்டர் சிரிக்கவில்லை. கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா ஓணான் படம் வரையிறது சித்திரப் பாடம்னு மேல கேப்பாங்க. இது விஞ்ஞானம்னு விசயம் தெரிஞ்சவங்க யாராவது பாத்து, எழுத்துல ஒண்ணு இருக்கணும். அடுத்த தவணை தொடங்க முன்னுக்கு என் மேசைக்கு வரட்டும். அதுவரைக்கும் அரிசி வெளியில இருக்கட்டும்." பிறகு வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர் திரும்பியதும் மாமா கேட்டார்: "என்ன டாக்டரம்மா, கல்லு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை மாமா. ஓணான்தான் பேசுச்சு" என்றேன். அவர் அதை ஆடு விஷயத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரம், டிரெக்டர் கேட்ட அந்த எழுத்துக்காக, பிரமிளா கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப, நான் அவற்றைக் கட்டுரையாக ஒழுங்குசெய்தேன். தெற்காசிய உயிரினங்களைப் பற்றிய ஓர் ஆய்விதழுக்கு. நான் புதிதாகச் சேர்த்தது அட்டவணைக் கோடுகளும் மேற்கோள் பட்டியலும்தான். பெயர் போடும் இடம் வந்ததும் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஒங்க பேர முன்னுக்குப் போடுங்கக்கா. ஒங்களுக்குத்தானே பட்டம் இருக்கு."

மறுக்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், ஒரு இரவும் ஒரு பகலும் என் பெயர்தான் முதலில் இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. அப்புறம் இலை இல்லாத பக்கத்தில் இலை வரைந்துகொடுத்த பெயிண்டர் ஞாபகம் வந்தார். பெயர்களை மாற்றினேன்.

படிவம் முதல் ஆசிரியரின் நிறுவன முகவரியைக் கேட்டது. அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. பள்ளியின் பெயருக்கு மேலே, முதல் வரியில், "விஞ்ஞான அறை" என்று எழுதினேன். இதழ் ஏற்றுக்கொள்ளலாம், திருத்தச் சொல்லலாம், திருப்பியும் அனுப்பலாம். பள்ளியின் அடுத்த தவணை, அதாவது பருவம், தொடங்கப் பதினோரு நாள் இருக்கிறது.

கட்டுரையை நேற்றுக் காலை அனுப்பிவிட்டேன். மத்தியானம் தபால் நிலையத்துக்குப் போய், அதன் அச்செடுத்த பிரதி ஒன்றை, முகவரி உள்ள முதல் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மாத்தளை டிரெக்டருக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.